பதினோராவது பத்தியை எழுதியவர்

எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். "சற்று முன் உங்கள் பக்கத்தில் வந்து விழுந்ததை நாங்கள் அனுப்பவில்லை. எங்கள் இயந்திரம் தானாகச் செய்துவிட்டது. பதிலுக்கு எதையும் அனுப்பாமல் கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார். அவரை எதை வைத்து நம்புவது? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு ஆண்டுகளாக இதைப் பற்றி ஒரு மனிதருடன் வாதாடிக்கொண்டிருந்தேன். போன கிழமை அந்த வாதத்தில் நான் மட்டும் மிஞ்சினேன்.

திங்கட்கிழமை காலை, சுவிட்சர்லாந்தில் நான் வசிக்கும் லோசானில் மெட்ரோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மதுராவின் அழைப்பு வந்தது. நான் வாதாடிவந்த குகதாசனின் மூத்த மகள் அவள். கூர் என்ற மலைநகரில் பிறந்து வளர்ந்தவள்.

"அன்ரி, எங்க நிக்கிறீங்கள்?"

"மெட்ரோவில. சொல்லு."

"இறங்குங்கோ. இறங்கிப்போட்டு எனக்கு எடுங்கோ."

அதிலேயே விளங்கிவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, சுவரோரமாக நின்று அழைத்தேன். "அப்பா விடிய ஆறு மணிக்குப் போயிட்டார்" என்று தமிழில் சொன்னாள். மிகுதி எல்லாவற்றையும் ஜேர்மனில் சொன்னாள். மருத்துவர் சொன்னது, தகனம் வியாழக்கிழமை என்பது, மண்டபம் எத்தனை மணிக்குக் கிடைத்திருக்கிறது என்பது. தமிழில் தொடர்ந்தால் அழுகை வந்துவிடும் என்றுதான் மாறினாள் என்று நினைக்கிறேன். நானும் ஜேர்மனிலேயே பதில் சொன்னேன்.

அப்போது என் கைப்பையில், வெள்ளிக்கிழமை ஜெனீவாவில், பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடும் மாநாட்டில், நான் வாசிக்க வேண்டிய கட்டுரை இருந்தது. மனிதர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கட்டளையிடாமல், தாமாகவே இலக்கைத் தேர்ந்து தாக்கக்கூடிய ஆயுதங்களைப் பற்றியது. அவற்றால் ஒரு சிறு உரசல் எப்படிப் போராக முற்றிவிடக்கூடும், அதை எப்படித் தடுக்கலாம் என்பதே பொருள். மேலே இரண்டு பெயர்கள்: அவருடையது, என்னுடையது. பத்திகளுக்கு இலக்கமிட்டிருந்தோம். பன்னிரண்டு இருந்தன. அன்று என் பையில் இருந்த பிரதியில் பதினொன்றுதான். பதினோராவதாக அவர் எழுதியிருந்த பத்தியை நான் வெட்டியிருந்தேன்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரை 'மைக் குகன்' என்றால்தான் தெரியும். கூரில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் தமிழ் விளையாட்டு விழாவில் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். பிள்ளை ஒன்று தனியே நின்று அழுதால், "பிள்ளை பத்திரமா இங்க நிக்கிறா. தாயைத்தான் காணேல்லை. தாய் பயப்பிடாமல் மேடைக்கு வரவும்" என்று அறிவிப்பார். அந்த மனிதர் மற்ற நாட்களில் என்ன வேலை செய்தார் என்பது நண்பர்கள் பலருக்கே சரியாகத் தெரியாது. "ஸ்னோவுக்கு வெடி வைக்கிறவர்" என்பார்கள். அது தவறில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிறகு பனிச்சறுக்கு லிஃப்ட்களின் கேபிள்களைப் பராமரிப்பவருக்கு உதவியாளரானார். வேலை செய்துகொண்டே மின்னியல் தொழில் படித்து, 2009க்குப் பிறகு மலைப்பக்க ஊராட்சி ஒன்றின் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டிருந்தார். சொல்லவில்லை.

நான் அவரைச் சந்தித்தது கூரில் நான் ஆற்றிய ஒரு பொது உரையின்போது. தன்னியக்க ஆயுதங்கள் பற்றி அப்போது எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன்: இறுதி முடிவை எடுக்கும் இடத்தில் ஒரு மனிதர் இருந்தால் ஆபத்து குறையும். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அந்தப் பகுதி ஜேர்மனில், "அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். இரண்டு தடவை பொத்தானை அமத்தினேன். நான் இருந்ததால் எதுவும் குறையவில்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். மண்டபம் சிரித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"கலாநிதி அம்மா, கோவிக்காதேங்கோ. பேச்சு நல்லாத்தான் இருந்தது. ஆனா அதுக்குள்ள ஆக்களைக் காணேல்லை."

"ஆக்களைப் பற்றித்தானே ஒரு மணித்தியாலமாக் கதைச்சனான்."

"ஓம், 'மனிதர்' எண்டு கதைச்சனீங்கள். ஆர் அந்த மனிதர்? விடிய நாலு மணிக்கு எழும்பினவரோ? சாப்பிட்டவரோ? முன்னால இருக்கிற திரை 'அமத்து' எண்டு சொன்னா, அமத்தாமல் விட அவருக்கு என்ன காரணம்?"

என் முனைவர் பட்டத்தை வைத்துச் சூட்டிய 'கலாநிதி அம்மா'வைக் கடைசிவரை அவர் விடவில்லை. அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் குகன் அண்ணை என்றே அழைத்தேன்.

அந்த இரண்டு தடவைகளைப் பற்றி அன்று மாலை ரயில் நிலைய உணவகத்தில் சொன்னார். பள்ளத்தாக்கின் ஒரு கரையில் அவர் வேலை பார்த்த ஊர். மறுகரையில் இன்னோர் ஊர். இரண்டுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு அறை, தனித்தனி ரேடார். சரிவில் பனி நகர்ந்தால் ரேடார் அதைக் கண்டு வீதித் தடுப்பைத் தானாகவே இறக்கிவிடும். அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் பனி மலைபோலக் குவியுமுன் சிறிது சிறிதாக விழுத்துவதற்கு மேலே கம்பங்களிலிருந்து வெடி போட வேண்டும். அதற்கு மனிதர் ஒருவர் பொத்தானை அமத்த வேண்டும். அந்தக் காலை அவர் வெடி போட்டார். எழும்பிய பனித்தூள் காற்றில் மறுகரைக்குப் போனது. மறுகரை ரேடார் அதைத் தன் சரிவில் விழுந்த பனியாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கை அனுப்பியது. அந்த எச்சரிக்கை இவருடைய திரைக்கு வந்து, 'அயல் சரிவு நகர்ந்துவிட்டது, உங்கள் பக்கமும் தளர்ந்திருக்கலாம், இன்னொரு வெடி போடுக' என்று ஆலோசனை சொன்னது. அமத்தினார். மறுபடியும் தூள், மறுபடியும் எச்சரிக்கை; மறுபடியும் அமத்தினார்.

"மூண்டாம் தரம் லைற் எரியேக்கதான் நேரத்தைப் பாத்தனான்" என்றார். "ஒவ்வொரு எச்சரிக்கையும் என்ர வெடிக்குப் பிறகு சரியா ரெண்டு நிமிசத்தில வந்திருக்கு. என்ர சத்தத்துக்கு நானே பயந்துகொண்டிருந்திருக்கிறன்."

அவர் கையை எடுத்துவிட்டார். ஆனால் இப்போது மறுகரைத் திரையிலும் 'வெடி போடுக' என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மறுகரைச் சரிவு உண்மையில் அசையவே இல்லை. அதில் மூன்று நாள் பனி குவிந்திருந்தது. அந்த நேரத்தில் அங்கே வெடி போட்டால் மொத்தமாக இறங்கி மேல்வரிசை வீடுகளில் விழும். மேலே முகில் மூடியிருந்ததால் அந்தப் பக்கத்தவருக்குத் தம் சரிவு தெரியாது. நேரடியாகச் சொல்ல வழியில்லை. விதிப்படி மாநிலத் தலைநகரான கூருக்கு அறிவிக்க வேண்டும், கூர் அவர்களுக்கு அறிவிக்கும். கூரின் இணைப்பு கிடைக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் அந்த ஆண்டு ஒரு லிஃப்ட் விவகாரத்தில் மனக்கசப்பு வேறு. மறுகரை வெடிகளால் தங்கள் லிஃப்ட் தூண் பழுதானது என்று இவருடைய ஊர் முறையிட்டிருந்தது. கடைசியில் மறுகரை ஊரின் பேக்கரிக்குத் தொலைபேசி எடுத்து, பாதுகாப்பு அறையில் இருக்கும் ரெட்டோ என்பவரின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினார். 'உங்கள் சரிவு அசையவில்லை, உங்கள் ரேடார் கண்டது என் பனி, பொறுங்கள்' என்றார். ரெட்டோ, 'பேசுவது நீர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டார். 'ஜன்னலால் பாருங்கள், என் அறையின் வெளிவிளக்கை மூன்று தடவை அணைத்து ஏற்றுகிறேன்' என்று சொல்லி அப்படியே செய்தார். ரெட்டோ பொறுத்தார். இருபது நிமிடத்தில் முகில் விலகியது. சரிவு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

அந்த மாலையிலிருந்துதான் நாங்கள் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். நான் வேலை செய்யும் சிறிய ஆய்வு அலுவலகத்துக்கு அவரை வெளி ஆலோசகர் என்று சேர்த்துக்கொண்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை கூரிலிருந்து லோசானுக்கு ரயிலில் வருவார். அவருடைய மனைவி வசந்தி அக்கா கட்டிக்கொடுத்த இடியப்பப் பெட்டி மடியில் இருக்கும். என் வரைவுகளைப் பென்சிலோடு வாசிப்பார். 'அர்த்தமுள்ள மனிதக் கட்டுப்பாடு' என்ற சொற்றொடர் வரும் இடமெல்லாம் ஓரத்தில் 'எத்தனை நிமிசம்?' என்று எழுதியிருப்பார். முதலில் இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. பிறகு விளங்கியது. இரு தரப்பு இயந்திரங்களும் ஒன்றையொன்று பார்த்துச் செயற்படும்போது, எல்லாம் நொடிகளில் முடிந்துவிடும். இடையில் நிற்கும் மனிதருக்கு யோசிக்க நேரமே இல்லையென்றால், அவர் இருப்பது பெயருக்குத்தான்.

எங்கள் கட்டுரையின் பெரும்பகுதி அவருடைய தொழிலிலிருந்து வந்தது. தொடர்பு அறுந்தால் இயந்திரம் முன்னேறக்கூடாது, திரும்பி வரவேண்டும். ஓர் இயந்திரத்தின் தாக்குதலுக்கு இன்னோர் இயந்திரம் தானாகப் பதிலடி கொடுக்க அனுமதிக்கக்கூடாது. எல்லைக்கு இவ்வளவு தூரத்துக்குள் அவற்றைக் கொண்டுவருவதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் இதை ஒரே வரியில் சொல்வார்: "நிப்பாட்டுறதுக்கு மெஷின் ஆரையும் கேக்கத் தேவையில்லை. துவங்கிறதுக்குத்தான் கேக்கவேணும்."

ஒருமுறை பீல் நகரில் ஒரு பயிற்சி விளையாட்டுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கற்பனையில் இரண்டு நாடுகள், நடுவில் ஓர் ஆறு, இரு பக்கமும் தானாக இயங்கும் ட்ரோன்கள். ஒரு நாட்டுக்கு ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஒருவரும் சில மாணவர்களும். மற்ற நாட்டுக்கு குகதாசனும் நானும். இரண்டு மேசைகளிலும் ஒவ்வொரு தொலைபேசி இருந்தது. விளையாட்டு தொடங்கிச் சிறிது நேரத்தில் எங்கள் ட்ரோன் ஒன்று, நாங்கள் சொல்லாமலே, ஆற்றைக் கடந்து அவர்களுடைய ஒன்றைத் தாக்கியது. அது நடத்துனர்கள் வைத்த பொறி. குகதாசன் உடனே தொலைபேசியை எடுத்தார். எதிர் மேசையில் அது அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஆறு சுற்றுகளில் இரண்டு தலைநகரங்களும் எரிந்தன.

"போன் இருந்தது" என்றார் என்னிடம், மிகவும் அமைதியாக. "எடுக்கிறதுக்கு ஆளை விடேல்லை."

பிறகு நடந்த உரையாடலில் மேஜர் சிரித்துக்கொண்டே, "எடுத்திருந்தாலும் உங்களை நம்பியிருக்க மாட்டேன். முதலில் அடித்துவிட்டு, இயந்திரத்தின் பிழை என்று சொல்வது யாருக்கும் எளிது" என்றார். நான் இத்தனை நாளும் சொல்லிவந்ததும் அதுவேதான். குகதாசன் விடவில்லை. "சரி, நான் என்ன செய்து காட்டினால் நம்பியிருப்பீர்கள்?" என்று கேட்டார். மேஜர் யோசித்தார். "எல்லா ட்ரோன்களையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான் பார்க்கக்கூடிய இடத்தில் இறக்கி, ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டிருந்தால், ஒருவேளை" என்றார்.

ரயிலில் திரும்பும்போது பதினோராவது பத்தியை எழுதினார். பிழை தன்னுடையது என்று சொல்லும் தரப்பு, சொல்வதோடு நிற்காமல், தன் இயந்திரங்களை எதிர்த்தரப்பின் கண்ணுக்குத் தெரியும்படி குறித்த நேரத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். அழைப்பை எடுப்பதற்கு இரு பக்கமும் பெயர் குறித்து ஆட்களை நியமிக்க வேண்டும். மறுதரப்பு அந்த நேரம் முழுவதும் பொறுக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

நான் அந்தப் பத்தியை நம்பவில்லை. சண்டை தொடங்கிய கணத்தில் எந்தப் படையும் தன்னை நிராயுதபாணியாக்கிக் காட்டாது என்பது ஒரு காரணம். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு காலை நடந்ததை வைத்து நாடுகளுக்கு விதி எழுத முடியாது என்பது இன்னொன்று. இதை அவரிடம் மறைக்கவில்லை. எங்கள் சனிக்கிழமைகளில் பாதி இதிலேயே கழிந்தது.

"உங்களுக்கு மனிசரில நம்பிக்கை இல்லை, கலாநிதி அம்மா."

"மனிசரில இருக்கு. அரசாங்கங்களில இல்லை."

"அப்ப அந்தப் போனை எடுக்கிறது ஆர், அரசாங்கமோ?"

இலங்கையைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கேட்டேன். 2009இல் அவருடைய அக்கா குடும்பம் வன்னியில் இருந்தது. அந்த வசந்தகாலம் முழுவதும் ஓய்வு நேரங்களில் தொலைபேசியோடு லிஃப்ட் நிலையத்துக்குப் பின்னால் நின்றார் என்று வசந்தி அக்கா சொல்லியிருக்கிறார். அக்காவும் அக்காவின் இரண்டாவது மகனும் உயிரோடு வெளியே வரவில்லை. இந்த வேலையில் அவருக்கு இருந்த பிடிவாதத்துக்கு அதுதான் காரணமோ என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். இடியப்பப் பெட்டியை மூடினார்.

"அங்க அடிச்சது மனிசர். எல்லாம் தெரிஞ்சுதான் அடிச்சவை. ஒரு மெஷினிலயும் பிழை இல்லை. இதை அதோட சேத்து எழுதிப்போடாதேங்கோ."

எழுதவில்லை. இப்போதும் சேர்த்து எழுதவில்லை. அவர் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் பதிகிறேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அவருக்குப் புற்றுநோய் இருப்பதைக் கண்டார்கள். கண்டபோதே பரவியிருந்தது. கடைசியாக நான் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒன்பது நாட்கள் முன்பு, கூரில், மருத்துவமனையில். கட்டுரையை ஜெனீவாவுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்திருந்தது. பதினோராவது பத்தியை எடுத்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். நோயாளியிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ரயிலில் நான்கு மணித்தியாலம் யோசித்தேன். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. உங்கட பேரும் அதில கிடக்கு. நம்பாததை எழுதக்கூடாது."

"கோவமோ, அண்ணை?"

"கோவிக்கத் தெம்பு வேணும்." பிறகு கண்ணைத் திறந்தார். "ஒண்டு செய்யுங்கோ. எடுத்துப்போட்டு சும்மா இருந்திடாதேங்கோ. இதில இப்பிடி ஒண்டு இருந்தது, நான்தான் எடுத்தனான், இன்னதுக்கு எடுத்தனான் எண்டு அங்க சொல்லுங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

நான் தலையாட்டினேன். வாக்குக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. இருபது நிமிட உரையில், நூறு முறை கேட்டுச் சலித்தவர்கள் முன்னிலையில், கட்டுரையில் இல்லாத ஒரு பத்தியைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வசந்தி அக்கா வந்து கதையை மாற்றினார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை தகனம். மண்டபத்தை ஒரு மணித்தியாலத்துக்குத் தந்திருந்தார்கள். ஐயர் சூரிச்சிலிருந்து வந்திருந்தார். விளையாட்டு விழாவின் பிள்ளைகள், இப்போது தாடியும் கைக்குழந்தையுமாக, பின்னால் நிரம்பி நின்றார்கள். மதுரா அழாமல் எல்லாவற்றையும் செய்தாள். வசந்தி அக்கா என் கையைப் பிடித்து, "உங்களோட சண்டை பிடிக்கிறதுக்கெண்டே சனிக்கிழமை வெள்ளென எழும்புவார்" என்றார்.

வெளியே, மரங்களுக்குக் கீழே, பச்சை மேலங்கி அணிந்த வயதான சுவிஸ்காரர் ஒருவர் தனியே நின்றார். வசந்தி அக்கா என்னை அழைத்துப் போய், "இவர்தான் ரெட்டோ" என்றார். ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவந்த கதையில் ஒரு குரலாக மட்டும் இருந்த மனிதர். விளக்கை மூன்று தடவை அணைத்து ஏற்றியது அழகான யோசனை என்று மரியாதைக்குச் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"விளக்கா? விளக்கு, பேசுவது யார் என்றுதான் காட்டியது. அவர் உண்மை சொல்கிறார் என்று காட்டவில்லை. தங்கள் லிஃப்டைக் காப்பாற்றத்தான் என்னைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். என் கை பொத்தானில் இருந்தது."

"பிறகு ஏன் பொறுத்தீர்கள்?"

"அவர் சொன்னார்: 'நான் பார்க்காமல் இரண்டு தடவை அமத்திவிட்டேன். இரண்டும் என் பிழை.' அந்தக் குளிர்காலத்தில் அவருடைய குடியுரிமை விண்ணப்பம் ஊர்க் கூட்டத்தின் வாக்குக்குப் போகவிருந்தது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். அங்கே என் மைத்துனர்கள் இரண்டு பேருக்கு வாக்கு இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விண்ணப்பம் தோற்றிருக்கும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சொன்னார். ஏமாற்ற நினைப்பவன் அதைக் கொண்டுவந்து என் கையில் தரமாட்டான்."

"நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையா?"

"உங்களிடம் சொல்கிறேன். இப்போது அவருக்கு அதனால் கெடுதி இல்லை."

குகதாசன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பொத்தானை அமத்தியதை மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னவர், அதைத் தொலைபேசியில் அந்த நிமிடத்தில் சொன்னார் என்பதை மட்டும் ஆறு ஆண்டுகளாக விட்டுவிட்டார். சொல்லத் தகுந்ததாக அவருக்குத் தோன்றவில்லையோ, நாடுகள் அப்படிச் செய்யும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு மிக அருகில் வரும் பதில் அதுதான். அழைப்பவர், தன்னைக் கெடுக்கக்கூடிய ஒன்றை மறுபக்கத்தவரின் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாடு எதைக் கொடுக்கும், கொடுத்தாலும் மற்றது ரெட்டோவைப்போலப் பொறுக்குமா என்பது அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று வசந்தி அக்காவிடமும் ரெட்டோவிடமும் கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிதாக எதுவும் இல்லை. பென்சிலால் குறிக்கப்பட்ட நாற்பது ஐம்பது தாள்கள் இருக்கின்றன. நான் எழுதும் எந்த வாக்கியத்திலும் 'மனிதர்' என்று வந்தால், அது யார், அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. முடியாத ஒரு வாதமும் இருக்கிறது. இன்றும் அந்தப் பத்தியை முழுதாக நம்புகிறேன் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நடந்தது இது. ஜெனீவாவில் எங்களுக்குத் தந்திருந்தது மதிய இடைவேளையில் ஒரு சிறிய அறை. இருபது பேரளவில் வந்திருந்தார்கள். பாதிப்பேர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாவது பத்தி முடிந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். இந்த இடத்தில் இன்னொரு பத்தி இருந்தது, அதை எழுதியவர் திங்கட்கிழமை இறந்துவிட்டார், எடுத்தது நான், இன்ன காரணத்துக்காக எடுத்தேன், எடுத்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். பிறகு அந்தப் பத்தியை வாசித்தேன். ஒரு பிரதிநிதி கையுயர்த்தி, அடித்துவிட்டு இயந்திரத்தின் பிழை என்று யாரும் சொல்லலாமே என்றார். ஆம், ஆறு ஆண்டுகளாக நானும் அதையே சொன்னேன், என்னிடம் பதில் இல்லை என்றேன். தலைவர் நன்றி கூறி அடுத்தவரை அழைத்தார். அவ்வளவுதான்.

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்ட அந்தப் பிரதிநிதியே மேசைக்கு வந்தார். அறை வெறுமையாகும்வரை பொறுத்திருந்தார். பிறகு, தங்கள் எல்லையில் ஒருமுறை அப்படி ஒன்று நடந்தது என்றார். தங்களுடைய இயந்திரம்தான். மறுபக்கத்துக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அன்று பணியில் இருந்த அதிகாரி தான்தான் என்றார். பதினோராவது பத்தியின் பிரதி ஒன்றைக் கேட்டார். என் கையிலிருந்ததைக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து உட்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் எந்த நாட்டவர் என்பதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.